கசின் என்றால் யார்?

"உங்களுக்கு எத்தனை கசின்கள்?" என்று பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால் நீங்கள் சட்டென்று ஓர் எண்ணைச் சொல்லிவிடுவீர்கள். பதினெட்டு, இருபத்தாறு, அல்லது "எண்ணவில்லை, கனபேர்." இதே கேள்வியை மாண்டரின் பேசி வளர்ந்து, இப்போது ஆங்கிலம் கற்கும் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். பதில் வருவதற்கு முன் ஒரு சின்ன மௌனம் வரும். எண்ணிக்கை தெரியாத மௌனம் அல்ல அது. நீங்கள் யாரைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்பது அவருக்குப் பிடிபடவில்லை.

வாரநாட்களில் நான் கணினி ஆலோசகர். சனிக்கிழமை காலையில் மார்க்கத்தில் ஒரு நூலகத்தில், புதிதாகக் கனடா வந்தவர்களோடு ஆங்கிலம் கதைத்துப் பழகும் வட்டத்தில் தொண்டராக உட்கார்ந்திருப்பேன். வருபவர்களில் பெரும்பாலானோர் சீனாவிலிருந்து வந்தவர்கள். இலக்கணம் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். பெரிய பெரிய சொற்களைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்து வந்திருக்கிறார்கள். அவர்கள் தடுமாறுவது சின்னச் சொற்களில்தான். அப்படி ஒரு சொல் "கசின்". அதை அவர்களுக்கு விளக்கப் போய் எனக்குக் கிடைத்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். இதில் பாதி எங்கள் வீட்டுக் கதை.

எட்டுச் சொற்கள், ஒரு சொல்

ஆங்கிலம் - சீன அகராதியில் "கசின்" என்று தேடினால் ஒரு சொல் வராது, ஒரு பட்டியல் வரும். சீன மொழியில் அதற்கு எட்டுச் சொற்கள் உண்டு. பயந்துவிடாதீர்கள், அமைப்பு மிக எளிது. ஒவ்வொரு சொல்லும் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்கிறது.

முதல் கேள்வி: எந்தப் பக்கம்? அப்பாவின் சகோதரர்களுடைய பிள்ளைகள் என்றால் முன்னால் "தாங்" வரும். மற்ற எல்லோருக்கும், அதாவது அப்பாவின் சகோதரிகள், அம்மாவின் சகோதரர்கள், அம்மாவின் சகோதரிகள் ஆகியோரின் பிள்ளைகளுக்கு, "பியாவ்" வரும். இரண்டாம் கேள்வி: ஆணா, பெண்ணா? மூன்றாம் கேள்வி: என்னைவிட மூத்தவரா, இளையவரா? கடைசி இரண்டுக்கும் சேர்த்து நான்கு சொற்கள்: கெ (அண்ணா), தி (தம்பி), ஜியே (அக்கா), மேய் (தங்கச்சி). ஆகவே பெரியப்பாவின் மூத்த மகன் தாங்-கெ. மாமாவின் இளைய மகள் பியாவ்-மேய். தமிழ் எழுத்தில் ஒலியை ஓரளவுதான் காட்ட முடியும், ஆனால் கணக்குச் சரி: இரண்டு தர இரண்டு தர இரண்டு, எட்டு.

கணினிக்காரர்களுக்கு இது மூன்று பிட் தகவல். ஆங்கிலச் சொல்லிலோ இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. படத்தை ஜேபெக் ஆகச் சுருக்கும்போது சில விவரங்கள் போய்விடும், பிறகு அவற்றைத் திரும்ப எடுக்க முடியாது அல்லவா? "கசின்" அப்படிச் சுருக்கப்பட்ட சொல். "மை கசின்" என்று கேட்டவருக்கு ஆணா பெண்ணா என்பதே தெரியாது.

"தாங்" என்ற எழுத்துக்கு மண்டபம், வீட்டின் பெரிய கூடம் என்று பொருள். ஒரே கூடத்துக்குக் கீழே வாழ்பவர்கள், ஒரே குடும்பப் பெயர் கொண்டவர்கள். "பியாவ்" என்றால் வெளிப்புறம். அந்தச் சொற்களுக்குள் ஒரு வீடு இருக்கிறது. பெண் கல்யாணம் முடித்து அந்த வீட்டை விட்டு வெளியே போகிறாள், அவள் பிள்ளைகள் வெளிப்பக்கத்தவர் ஆகிறார்கள்.

வகுப்பில் நான் சொல்லிக்கொடுப்பது

முதலாவது, தாத்தா பாட்டி ஒருவராக இருந்தால் கசின். அவ்வளவுதான். எந்தப் பக்கம் என்று ஆங்கிலம் கேட்காது.

இரண்டாவது, மூத்தவரா இளையவரா என்பது கதைக்குத் தேவையானால் மட்டும் சொல்லுங்கள். இதை ஏற்றுக்கொள்ளத்தான் அவர்களுக்கு அதிக நேரம் எடுக்கும். வயதைச் சொல்லாமல் விட்டால் மரியாதை குறைந்ததுபோல் இருக்கிறதாம். எங்களுக்கு அது புரியும்.

மூன்றாவது, ஆணா பெண்ணா என்பது அடுத்த வாக்கியத்தில் வரும் "ஹி" அல்லது "ஷி"யில் தெரிந்துவிடும். இங்கே இன்னொரு குழி இருக்கிறது. பேச்சு மாண்டரினில் அவன், அவள் இரண்டுக்கும் "தா" என்ற ஒரே ஒலிதான். அதனால் வேகமாகக் கதைக்கும்போது ஹி, ஷி மாறி மாறி வரும். ஒரே கசின் ஒரு வாக்கியத்தில் ஆணாகவும் அடுத்ததில் பெண்ணாகவும் இருப்பார். எங்கள் ஆட்கள் இதற்கு "கசின் பிரதர்", "கசின் சிஸ்டர்" என்று வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். இலங்கையிலும் இந்தியாவிலும் அது சாதாரணம், கனடாவில் கேட்பவர் கொஞ்சம் முழிப்பார்.

நான்காவது, "கசின்!" என்று யாரையும் கூப்பிட முடியாது. பெயரைத்தான் சொல்ல வேண்டும். பத்து வயது மூத்த பியாவ்-கெயைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதா என்று அவர்கள் அதிர்ந்துபோவார்கள். பெரியப்பாவின் மகனை நீங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அப்பம்மா எப்படிப் பார்ப்பா என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது, எண்கள். தாத்தா பாட்டி பொதுவென்றால் பெர்ஸ்ட் கசின். பூட்டன் பூட்டி பொதுவென்றால் செகண்ட் கசின். "வன்ஸ் ரிமூவ்ட்" என்பது தலைமுறை வித்தியாசம். என் கசினின் மகன் எனக்குப் பெர்ஸ்ட் கசின் வன்ஸ் ரிமூவ்ட். பலர் அவனைச் செகண்ட் கசின் என்பார்கள், அது பிழை. அவன் என் மகனுக்குத்தான் செகண்ட் கசின்.

தமிழ் தெரிந்த பிள்ளைகளுக்கு இங்கே தனியாக ஒரு எச்சரிக்கை. நாங்கள் "ஒன்றுவிட்ட அண்ணா" என்கிறோமே, அது பார்ப்பதற்கு வன்ஸ் ரிமூவ்டின் மொழிபெயர்ப்பு மாதிரியே இருக்கும். ஆனால் ஒன்றுவிட்ட அண்ணா அதே தலைமுறை, பெர்ஸ்ட் கசின். சொல் ஒத்துப்போகிறது, பொருள் வேறு.

நான்கு பெட்டிகள்

ஒரு நாள் வெண்பலகையில் நான்கு பெட்டிகள் கீறினேன். அப்பாவின் சகோதரர் பிள்ளைகள், அப்பாவின் சகோதரி பிள்ளைகள், அம்மாவின் சகோதரர் பிள்ளைகள், அம்மாவின் சகோதரி பிள்ளைகள். ஆங்கிலத்துக்கு நான்கும் ஒன்று. சீனத்துக்கு முதல் பெட்டி தாங், மற்ற மூன்றும் பியாவ். "தமிழில் எப்படி?" என்று ஒருவர் கேட்டார்.

நீங்களே சொல்லிப் பாருங்கள். பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள்: அண்ணா, அக்கா, தம்பி, தங்கச்சி. மாமி பிள்ளைகள்: மச்சான், மச்சாள். மாமா பிள்ளைகள்: மச்சான், மச்சாள். பெரியம்மா, சின்னம்மா பிள்ளைகள்: திரும்பவும் அண்ணா, அக்கா, தம்பி, தங்கச்சி.

முதல் பெட்டியில் தமிழும் சீனமும் ஒன்று: உள்வீட்டுப் பிள்ளைகள். நடுவில் இருக்கும் இரண்டிலும் ஒன்று: வெளிப்பக்கம். நான்காவது பெட்டியில்தான் பிரிகிறோம். அம்மாவின் சகோதரி பிள்ளைகள் எங்களுக்குக் கூடப்பிறந்த மாதிரி. அவர்களுக்குப் பியாவ், வெளிப்பக்கம். சீனச் சொற்கள் பார்ப்பது குடும்பப் பெயரை. எங்கள் சொற்கள் பார்ப்பது, யார் சகோதரம், யாரோடு சம்பந்தம் பேசலாம் என்பதை.

இந்த ஒரு பெட்டி எவ்வளவு பெரிய வித்தியாசத்தைத் தருகிறது என்பதற்கு "செங்கூடத்துக் கனவு" என்ற சீன நாவல் நல்ல உதாரணம். 18ஆம் நூற்றாண்டில் சாவ் ஷுவேசின் எழுதத் தொடங்கியது, 1791இல் 120 அத்தியாயங்களோடு அச்சானது. சீனாவில் அதை அறியாதவர்கள் குறைவு. அதில் பாவ்யூ என்ற இளைஞன். அவன் நேசிப்பது தாய்யூவை, அவனுடைய அப்பாவின் தங்கை மகளை. குடும்பம் அவனுக்குக் கட்டிவைப்பது பாவ்சாயை, அவனுடைய அம்மாவின் தங்கை மகளை. சீனத்தில் இருவருமே பியாவ். இருவரையும் கல்யாணம் செய்ய அந்தக் காலத்தில் தடை இல்லை. அதனால் சீன வாசகர் மனதில் எழும் கேள்வி, இந்த இருவரில் யார் என்பதுதான்.

இதைத் தமிழ்ச் சொற்களால் வாசித்துப் பாருங்கள். தாய்யூ அவனுக்கு மச்சாள், உரிமையுள்ளவள். பாவ்சாய் சின்னம்மா மகள், அவனைவிட மூத்தவள், ஆகவே அக்கா. மச்சாளைப் பிரித்து அக்காவைக் கட்டிவைக்கிறார்கள்! நான் இதைச் சொன்னதும் வட்டத்தில் இருந்த ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு, "இனி என்னால் அந்தப் புத்தகத்தைப் பழையபடி வாசிக்க முடியாது" என்றார்.

ஆங்கில நாவலிலும் இது நடக்கும். ஜேன் ஆஸ்டினின் "ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்" உங்களில் சிலருக்குப் பாடமாக இருந்திருக்கும். லேடி கேத்தரின் தன் மகளை டார்சிக்குக் கட்டிக்கொடுக்க நினைக்கிறார். டார்சியின் தாய் அவருடைய சகோதரி. தமிழ்க் கணக்கில் அது அண்ணாவுக்கும் தங்கச்சிக்கும் கல்யாணம் பேசுவது. ஆங்கிலத்தில் "கசின்" என்று சொல்லிவிட்டால் யாரும் திடுக்கிடப் போவதில்லை.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். சீனாவில் 1980ஆம் ஆண்டின் திருமணச் சட்டம், தாங்கோ பியாவோ, இவ்வளவு நெருங்கிய உறவில் கல்யாணத்தைத் தடைசெய்துவிட்டது. எங்கள் குடும்பங்களிலும் மச்சாளைக் கட்டும் வழக்கம் குறைந்துகொண்டே வருகிறது, பிள்ளைகளின் உடல்நலத்தை நினைத்தால் அது நல்லதே. வழக்கம் போனாலும் சொற்கள் இருக்கின்றன. இன்று மச்சான் என்பது கேலி செய்ய, தோளில் கைபோட, பள்ளிக்கூட நண்பனைக் கூப்பிடக்கூடப் பயன்படுகிறது.

இது எங்களுக்கு மட்டும் உரியதல்ல

"அப்படியானால் ஆங்கிலம்தான் சாதாரணம், நாங்கள்தான் சிக்கல்" என்று ஒருவர் பெருமூச்சு விட்டார். அப்படி இல்லை. கசின் என்ற சொல்லின் மூலம் லத்தீனில் "கொன்சோப்ரீனுஸ்". அதற்கு முதலில் இருந்த பொருள் அம்மாவின் சகோதரி பிள்ளை. எங்கள் நான்காவது பெட்டியேதான்! அப்பாவின் சகோதரர் பிள்ளைக்கு லத்தீனில் "பத்ருவேலிஸ்" என்று வேறு சொல் இருந்தது. காலப்போக்கில் ஒரு பெட்டியின் பெயர் நான்கையும் விழுங்கிவிட்டது.

இன்னும் பக்கத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. ஒன்ராறியோ ஏரிக்கு அக்கரையில், நியூயோர்க் மாநிலத்து ரொச்செஸ்டரில் வாழ்ந்த லூயிஸ் ஹென்றி மோர்கன் என்ற வழக்கறிஞர், 1871இல் உலக மக்களின் உறவுமுறைச் சொற்களை ஒப்பிட்டு ஒரு பெரிய நூல் வெளியிட்டார். செனெக்கா பழங்குடி மக்களின் உறவுமுறையும் தமிழரின் உறவுமுறையும் இவ்வளவு ஒத்திருப்பதைக் கண்டு அவர் வியந்தார். செனெக்காக்களுக்கும் பெரியப்பா பிள்ளைகளும் பெரியம்மா பிள்ளைகளும் சகோதரங்கள். மாமா, மாமி பிள்ளைகளுக்கு வேறு சொல். 17ஆம் நூற்றாண்டில் செனெக்காக்களின் ஊர் ஒன்று ரூஜ் ஆறு ஏரியில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. இன்று ஸ்காபுரோத் தமிழ்ப் பிள்ளைகள் நடைபோகும் ரூஜ் பூங்காவின் மண்ணில், எங்கள் அம்மம்மாமார் வருவதற்கு முன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே, அம்மாவின் சகோதரி மகனை அண்ணா என்று கூப்பிட்டிருக்கிறார்கள்.

சொல் சின்னதாகிப்போனபோது

சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை, முப்பதுகளின் கடைசியில் இருக்கும் ஒரு பெண் கைபேசியில் ஒரு மின்னஞ்சலைக் காட்டித் திருத்தித் தரச் சொன்னார். அலுவலகத்தில் விடுப்புக் கேட்கும் கடிதம். "என் சகோதரி இறந்துவிட்டார்" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். பக்கத்தில் இருந்தவர் மெதுவாகக் கேட்டார்: "நீங்கள் ஒரே பிள்ளை அல்லவா?"

ஆம், ஒரே பிள்ளை. சீனாவில் 1980இலிருந்து 2015 முடியும் வரை நடைமுறையில் இருந்த ஒரு பிள்ளைக் கொள்கையின் காலத்தில் பிறந்தவர். அம்மாவும் அப்பாவும் தூரத்து நகரத்தில் வேலை செய்ததால் சாங்ஷாவில் பெரியம்மா வீட்டில் வளர்ந்தார். இறந்தவர் அந்தப் பெரியம்மாவின் மகள். ஒரே கட்டிலில் படுத்து, ஒரே சைக்கிளில் பள்ளிக்கூடம் போய் வளர்த்த பியாவ்-ஜியே. வீட்டில் அவரைக் கூப்பிடுவது வெறும் "ஜியே". அக்கா.

ஒன்ராறியோவின் வேலைச் சட்டம், குடும்பத்தில் இறப்பு நேர்ந்தால் ஆண்டுக்கு 2 நாள் சம்பளமில்லாத விடுப்புத் தருகிறது. அதற்கான பட்டியலில் கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், தாத்தா பாட்டி, சகோதரங்கள் இருக்கிறார்கள். கசின் இல்லை, அவர் உங்களை நம்பி வாழ்பவராக இருந்தால் ஒழிய. "கசின்" என்று எழுதினால் இரண்டு நாள்கூட உரிமையில்லை. "சிஸ்டர்" என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். குடிவரவுப் படிவங்களில் சகோதரங்கள் யாருமில்லை என்று அவர் ஏற்கெனவே கையெழுத்து வைத்திருக்கிறார். எங்கள் சமூகத்திலும் பெரியப்பா மகனைப் படிவத்தில் "பிரதர்" என்று எழுதிவிட்டு, பிறகு விளக்கம் சொல்லித் திரிந்தவர்களின் கதைகள் உண்டு. எழுதியவர்களுக்கு அது பொய்யே அல்ல. அண்ணாவை அண்ணா என்றுதான் எழுதினார்கள்.

அன்று அந்த ஒரு வரிக்காக முழு மணித்தியாலமும் போனது. கடைசியில் எல்லோரும் சேர்ந்து எழுதியது இதுதான்: "ஷி வோஸ் மை கசின். வி வேர் ரெய்ஸ்ட் டுகெதர் அஸ் சிஸ்டர்ஸ்." முதல் வாக்கியம் சட்டத்துக்கு. இரண்டாவது வாக்கியம், அவர் எனக்கு யார் என்பதற்கு. ஆங்கிலத்தில் சொல் சின்னதாக இருக்கிறது என்று தோன்றினால் இன்னொரு வாக்கியம் சேர்க்கலாம் என்று அன்றுமுதல் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிறேன். படிவத்தில் கசின் என்றே எழுதுங்கள். மனிதரிடம் கதைக்கும்போது மிச்சத்தையும் சொல்லுங்கள்.

அவருடைய மேலாளர் ஒரு வார விடுமுறை கொடுத்தார். அடுத்த சனிக்கிழமை அவர் சாங்ஷாவில் இருந்தார்.

சொல் இருக்கிறது, ஆள் இல்லை

அந்த வட்டத்தில் இன்னொரு விஷயத்தையும் கண்டேன். அப்பாவும் ஒரே பிள்ளை, அம்மாவும் ஒரே பிள்ளை என்றால், அவர்கள் பிள்ளைக்குத் தாங்கும் இல்லை, பியாவும் இல்லை. எட்டுச் சொற்களும் இருக்கின்றன, வைப்பதற்கு ஆள் இல்லை. சீனாவில் புத்தாண்டு நாட்களில் உறவினர் வீட்டுக்குப் போகும் இளையவர்கள், யாரை எப்படிக் கூப்பிடுவது என்று பார்க்கக் கைபேசியில் உறவுமுறைக் கணிப்பான்கள் வைத்திருக்கிறார்கள். அப்பா, அவருடைய அக்கா, அவருடைய மகன் என்று தட்டினால் சொல் வரும்.

எங்கள் நிலைமை நேர் எதிர். எங்களுக்கு ஆட்கள் நிறைய. ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், சிட்னி, யாழ்ப்பாணம் என்று உலகம் முழுக்க இருக்கிறார்கள். சொற்கள்தான் போய்க்கொண்டிருக்கின்றன. தமிழில் கதைக்கும்போதுகூட "இவ என்ர கசின்" என்றுதான் அறிமுகம் செய்கிறோம். அந்த ஒரு சொல்லோடு, அவளுடைய அம்மா எனக்குப் பெரியம்மாவா மாமியா என்பது போய்விடுகிறது. அவளுக்குப் பிறக்கும் பிள்ளை என்னைச் சித்தப்பா என்று கூப்பிடுமா, மாமா என்று கூப்பிடுமா என்பதும் போய்விடுகிறது. மச்சாளாக இருந்தால் கேலி செய்யும் உரிமை, தங்கச்சியாக இருந்தால் அவள் கல்யாணத்தில் ஓடியாடி நிற்க வேண்டிய கடமை, இரண்டும் மங்கிவிடுகின்றன.

பெரியவர்கள் இறக்கும்போது வரும் மரண அறிவித்தலை ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் மைத்துனரும், இன்னாரின் பெரியப்பாவும் என்று நீண்டு போகும். எங்களில் பலர் அதைத் தாண்டி மண்டப விலாசத்தையும் நேரத்தையும் மட்டும் பார்ப்போம். அது ஒரு குடும்பத்தின் முழு வரைபடம். அதில் எங்கேயும் "கசின்" என்று எழுதியிருக்காது.

அதனால் ஒரு சின்ன வேலை தருகிறேன். ஒரு தாள் எடுத்து நான்கு பெட்டிகள் கீறுங்கள். தெரிந்த பெயர்களை எல்லாம் அந்தந்தப் பெட்டியில் எழுதுங்கள். பிறகு அம்மம்மாவிடமோ அப்பம்மாவிடமோ கொண்டுபோய்க் காட்டுங்கள், இல்லையென்றால் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டுக் கேளுங்கள். நிச்சயம் இரண்டு மூன்று பேர் பிழையான பெட்டியில் இருப்பார்கள். அவ திருத்தும்போது, ஏன் என்று கேளுங்கள். "அவ உனக்கு மச்சாள் முறை இல்லை, அவவின்ர அம்மாவும் நானும்..." என்று ஒரு கதை தொடங்கும். அந்தக் கதை முடிய எப்படியும் ஒரு மணித்தியாலம் ஆகும், தேத்தண்ணியோடு உட்காருங்கள்.